காரை ஓட்டுவது நீங்களா, கம்ப்யூட்டரா?
மறுபடி வந்த ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார்கள்

கம்ப்யூட்டர் இதழில் கார் கட்டுரையா என்று நீங்கள் யோசிக்கலாம். இன்றைக்குப் புதுக் கார் வாங்கும் ஒருவர் கூடவே பல கம்ப்யூட்டர்களையும் சேர்த்தே வாங்குகிறார். மானிட்டரும் கீபோர்டும் இல்லாததால் அவை நம் கண்ணில் படுவதில்லை. இந்தக் கம்ப்யூட்டர்களை எந்த அளவுக்கு வேலை செய்ய விடுவது என்ற கேள்வியோடுதான் ஜப்பானின் விலை குறைந்த ஸ்போர்ட்ஸ் கார்களின் கதை பின்னிக் கிடக்கிறது. இந்தக் கார்கள் ஒரு முறை அழியும் நிலைக்குப் போய்த் திரும்பி வந்தன. இப்போது மறுபடியும் அவற்றுக்கு ஆபத்து வந்திருக்கிறது. அந்தக் கதையைப் பார்ப்போமா?

காருக்குள் ஒரு கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டர் வகுப்பில் முதல் நாள் என்ன சொல்லித் தருவார்கள்? இன்புட், பிராசஸ், அவுட்புட். காரிலும் இதேதான். சக்கரம் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது, ஸ்டியரிங் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்திருக்கிறீர்கள் என்பதையெல்லாம் சென்சார்கள் அளந்து சொல்லும். இது இன்புட். அதை வாங்கிக் கணக்குப் போடும் பெட்டிக்கு இ.சி.யூ. என்று பெயர். பெட்ரோலை எவ்வளவு பீய்ச்சுவது, எந்தச் சக்கரத்துக்கு பிரேக் கொடுப்பது என்ற கட்டளைகள் அவுட்புட்.

ஒரு காரில் இப்படிப் பல இ.சி.யூ.க்கள் உண்டு. ஆபீஸில் பல கம்ப்யூட்டர்களை நெட்வொர்க்கில் இணைப்பதைப் போல அவற்றையும் இணைக்கிறார்கள். இந்த நெட்வொர்க்குக்கு 'கேன்' என்று பெயர். ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1986-ல் இதை அறிமுகப்படுத்தியது.

இந்தக் கம்ப்யூட்டர்களில் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் முக்கியமானது. வளைவில் கார் வழுக்க ஆரம்பித்தால், டிரைவர் எதுவும் செய்யாமலேயே குறிப்பிட்ட ஒரு சக்கரத்துக்கு மட்டும் பிரேக் கொடுத்து, என்ஜின் சக்தியையும் குறைத்துக் காரை நேர்ப்படுத்தும். எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றிய வசதி இது. அமெரிக்காவில் 2012 மாடல் கார்களிலிருந்தும், ஐரோப்பாவில் 2014 நவம்பரிலிருந்து எல்லாப் புதிய கார்களிலும் இது கட்டாயம்.

ஒரு பொற்காலம், ஒரு முடிவு

1989 பிப்ரவரியில் சிகாகோ கார் கண்காட்சியில் மாஸ்டா நிறுவனம் ஒரு சின்னஞ்சிறு காரைக் காட்டியது. இரண்டே சீட். மடக்கும் கூரை. 1.6 லிட்டர் என்ஜின். எடை வெறும் 940 கிலோ. எம்எக்ஸ்-5 என்று உலகமும், ரோட்ஸ்டர் என்று ஜப்பானும் அழைக்கும் கார் இதுதான். ஜப்பானில் அதன் ஆரம்ப விலை 17 லட்சம் யென். அதன் தலைமை என்ஜினியர் தோஷிஹிகோ ஹிராய் குழுவினர் வைத்துக்கொண்ட குறிக்கோள் 'ஜின்பா இத்தாய்'. குதிரையும் அதன் மேல் இருப்பவரும் ஓர் உடலாக இருப்பது என்று பொருள். பெரிய சக்தி இல்லை. ஆனால் கை அசைத்தால் கார் அசையும்.

அந்தக் காலத்தில் டொயோட்டா எம்ஆர்2, நிஸான் சில்வியா என்று சம்பளக்காரர் வாங்கக்கூடிய ஸ்போர்ட்ஸ் கார்கள் ஜப்பானில் பல இருந்தன. பிறகு குடும்பங்கள் பெரிய வேன், ஜீப் வகை வண்டிகளுக்கு மாறின. புகைக் கட்டுப்பாட்டு விதிகளும் இறுகின. 2002-ல் மட்டும் சில்வியா, மாஸ்டா ஆர்எக்ஸ்-7, ஜப்பானில் விற்ற டொயோட்டா சுப்ரா, நிஸான் ஸ்கைலைன் ஜிடி-ஆர் ஆர்34 ஆகியவை வரிசையாக நின்றுபோயின. டொயோட்டா செலிகா 2006-லும், எம்ஆர்2-இன் வாரிசான எம்ஆர்-எஸ் 2007-லும், ஹோண்டா எஸ்2000 2009-லும் முடிந்தன. கிட்டத்தட்ட மாஸ்டா ரோட்ஸ்டர் மட்டும் தனியாக மிச்சம் இருந்தது.

ஆசையைக் காத்த கேம்

ஷோரூமில் கார்கள் மறைந்துகொண்டிருந்த அதே வருடங்களில் அவை டிவி திரையில் ஓடிக்கொண்டிருந்தன. 1997 டிசம்பரில் சோனி பிளேஸ்டேஷனுக்காக 'கிரான் டூரிஸ்மோ' என்ற கேம் ஜப்பானில் வெளிவந்தது. இதை உருவாக்கியவர் கசுனோரி யமவுச்சி. அதுவரை வந்த பெரும்பாலான கார் கேம்களில் முட்டி மோதி முதலில் போனால் போதும். இதிலோ ஒவ்வொரு காருக்கும் அதன் எடை, சக்தி, எந்தச் சக்கரம் இழுக்கிறது என்பதற்கேற்பத் தனிக் குணம் இருந்தது. உலகெங்கும் ஒரு கோடிக்கும் மேல் விற்றது. ஜப்பான் காரை நேரில் பார்க்காத வெளிநாட்டுப் பையன்கள்கூட சில்வியாவுக்கும் ஆர்எக்ஸ்-7-க்கும் உள்ள வித்தியாசத்தைச் சொன்னார்கள்.

இன்னொரு பக்கம் 'இனிஷியல் டி' என்ற படக்கதை. ஷுய்ச்சி ஷிகேனோ 1995 முதல் 2013 வரை வரைந்தது. அதன் கதாநாயகன் தோஃபு டெலிவரிக்கு ஓட்டுவது 1983-ல் வந்த டொயோட்டாவின் ஏஇ86 ரகக் கார். பழைய மலிவான கார் ஒன்று இதனால் தெய்வமாகிவிட்டது.

கேம் ஓட்டியவர் நிஜக் காரும் ஓட்ட முடியுமா? நிஸானும் சோனியும் 2008-ல் 'ஜிடி அகாடமி' என்ற போட்டியைத் தொடங்கின. கேமில் வென்றவர்களுக்கு நிஜப் பந்தயத்தில் பயிற்சி. 2011-ல் வென்ற ஜான் மார்டன்பரோ உண்மையிலேயே பந்தய வீரர் ஆனார். 2023-ல் அவர் கதை சினிமாவாகவும் வந்தது. வீட்டில் உட்கார்ந்து கற்ற கைப்பழக்கம் வீண்போகவில்லை.

86 திரும்பி வந்தது

2009-ல் டொயோட்டாவின் தலைவரான அகியோ டொயோடா தாமே பந்தயத்தில் ஓட்டுபவர். 'மோரிசோ' என்பது பந்தயத்தில் அவர் வைத்துக்கொண்ட பெயர். அவர் காலத்தில்தான் டொயோட்டாவும் சுபாருவும் சேர்ந்து உருவாக்கிய கார் வெளிவந்தது. 2012-ல் டொயோட்டா 86 என்றும் சுபாரு பிஆர்இசட் என்றும் இரண்டு பெயர்களில் விற்பனைக்கு வந்தது. டொயோட்டா தரப்பில் தலைமை என்ஜினியர் தெட்சுயா தாடா. என்ஜின் சுபாருவினுடையது. சிலிண்டர்கள் படுத்த நிலையில் இருப்பதால் எடை தாழ்வாக அமைகிறது. சிலிண்டரின் குறுக்களவும் பிஸ்டன் நகரும் தூரமும் தலா 86 மில்லிமீட்டர்! ஜப்பானில் மிக எளிய மாடலின் விலை 20 லட்சம் யென்னுக்குச் சற்றுக் கீழே.

இந்தக் காரில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் டயர். ஸ்போர்ட்ஸ் கார் என்றால் அகலமான, ஒட்டிப் பிடிக்கும் டயர் போடுவார்கள். இவர்களோ பெட்ரோல் சிக்கனத்துக்குப் பெயர்போன டொயோட்டா பிரியஸில் வரும் அதே வகை டயரைப் போட்டார்கள். ஏன்? பிடிமானம் குறைவாக இருந்தால் சாதாரண வேகத்திலேயே கார் வழுக்குவதும் மீள்வதும் டிரைவருக்குப் புரியும். மணிக்கு 200 கிலோமீட்டர் போனால்தான் சுகம் என்றால் அது யாருக்கு உதவும்?

2021-ல் வந்த அடுத்த தலைமுறைக்கு ஜிஆர்86 என்று பெயர். 2.4 லிட்டர் என்ஜின், 235 குதிரைத்திறன்.

990 கிலோ கணக்கு

மாஸ்டாவும் சும்மா இல்லை. நான்காம் தலைமுறை ரோட்ஸ்டர் 2015-ல் வந்தது. ஏர்பேக், ஏபிஎஸ், ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் எல்லாம் சேர்ந்தும் அதன் மிக எளிய ஜப்பான் மாடலின் எடை 990 கிலோ. 1989-இன் காரைவிட 50 கிலோதான் அதிகம். 26 வருடங்களில் மற்ற கார்கள் எவ்வளவு பருத்தன என்பதை நினைத்தால் இதன் அருமை தெரியும். புது வெர்ஷன் வர வர ஹார்ட் டிஸ்கை நிரப்பும் சாப்ட்வேர்களைப் பார்த்து அலுத்தவர்களுக்கு இன்னும் நன்றாகவே புரியும். 2016-ல் இந்தக் காரின் தயாரிப்பு எண்ணிக்கை பத்து லட்சத்தைத் தொட்டது.

பின்னர் இதில் சேர்த்த ஒரு சாப்ட்வேர் சுவையானது. வளைவில் வேகமாகத் திரும்பும்போது உள்பக்கப் பின்சக்கரத்துக்கு மிக லேசாக பிரேக் கொடுத்து, கார் உடல் மேலே எழும்பாமல் பிடித்துக்கொள்ளும். இதற்காகப் புதுப் பாகம் எதுவும் இல்லை. இருக்கும் பிரேக்குக்குப் புது புரோகிராம், அவ்வளவுதான். எடை ஒரு கிராம்கூடக் கூடவில்லை.

ஆஃப் செய்யும் பட்டன்

86 காரில் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோலுக்கு ஒரு பட்டன் உண்டு. கார் நிற்கும்போது அதைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால் கம்ப்யூட்டர் முழுவதுமாக விலகிக்கொள்ளும். நடுவே இன்னொரு நிலையும் உண்டு: டிரைவரைக் கொஞ்சம் விளையாட விட்டு, நிலைமை கைமீறினால் மட்டும் உள்ளே வரும். முழுதாக ஆஃப் செய்வது பந்தயத் தடத்துக்குத்தான். பொதுச் சாலையில் அதை ஆனில் வைப்பதுதான் புத்திசாலித்தனம்.

டொயோட்டா இன்னொரு வேலையும் செய்தது. 86-இன் 'கேன்' நெட்வொர்க்கிலிருந்து ஆக்சிலேட்டர், பிரேக், ஸ்டியரிங், கியர், வேகம் ஆகிய விவரங்களையும் ஜிபிஎஸ் இடத்தையும் யுஎஸ்பி மெமரியில் பதிவு செய்யும் ஒரு கருவியை ஜப்பானில் கொண்டுவந்தது. அந்த யுஎஸ்பியை பிளேஸ்டேஷனில் செருகினால், நீங்கள் நிஜமாக ஓட்டிய சுற்றை கிரான் டூரிஸ்மோ 6-ல் திரும்பப் பார்க்கலாம். கார் கம்ப்யூட்டர் ஒரு வாத்தியாராக மாறிய உதாரணம் இது. எங்கே சீக்கிரம் பிரேக் பிடித்தோம் என்று அது காட்டும். பிரேக் பிடிப்பது நம் கால்தான்.

இப்போது என்ன சிக்கல்?

2024 ஜூலை 7 முதல் ஐரோப்பிய யூனியனில் விற்கும் புதிய கார்கள் எல்லாவற்றிலும், தானே பிரேக் பிடிக்கும் வசதி, வேகவரம்பை நினைவூட்டும் வசதி, விபத்து விவரத்தைப் பதிவு செய்யும் கருவி முதலியவை கட்டாயம். ஜிஆர்86-ஐ இதற்கேற்ப மாற்றப் பெரும் செலவாகும். எனவே ஐரோப்பாவில் இரண்டே வருடம் விற்றுவிட்டு 2024-ல் நிறுத்திவிட்டார்கள்.

அதே நேரத்தில் கார் ஹேக்கிங் தடுப்பு விதியும் வந்தது. இதை வீண் பயம் என்று நினைக்க வேண்டாம். 2015-ல் இரண்டு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் ஓடிக்கொண்டிருந்த ஒரு ஜீப்பை இன்டர்நெட் வழியாகவே நிறுத்திக் காட்டினார்கள். 14 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைக்க வேண்டியதாயிற்று. மாஸ்டா தன் ரோட்ஸ்டரின் எலக்ட்ரானிக் அமைப்பையே மாற்றி இந்த விதிக்கு ஈடுகொடுத்தது. கூடவே விலையும் ஏறியது. 2015-ல் 25 லட்சம் யென்னுக்குச் சற்றுக் கீழே இருந்த எளிய மாடல், இந்த மாற்றத்துக்குப் பிறகு 29 லட்சத்தை நெருங்கிவிட்டது.

இன்னொரு திசையில் ஹோண்டா போகிறது. 2025 செப்டம்பரில் ஜப்பானில் மறுபடி வந்த பிரிலூட் ஒரு ஹைபிரிட் கார். அதில் மற்ற கார்களைப் போன்ற கியர் பெட்டி கிடையாது. ஆனாலும் எட்டு கியர் மாறுவது போன்ற உணர்வையும் சத்தத்தையும் கம்ப்யூட்டர் உருவாக்கித் தருகிறது. கேமில் இருந்த சிமுலேஷன் காருக்குள்ளேயே வந்துவிட்டது! விலை 60 லட்சம் யென்னுக்கும் மேல்.

தெருவில் திடீரென ஓடிவரும் குழந்தையைக் காப்பாற்றும் பிரேக்கை வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சுபாருவும் 2024 மாடலிலிருந்து கையால் கியர் மாற்றும் பிஆர்இசட் காரிலும் தானே பிரேக் பிடிக்கும் வசதியைச் சேர்த்துவிட்டது. கார் அதனால் கெட்டுப்போகவில்லை. ஆபத்தில் உள்ளே வந்து, மற்ற நேரம் அமைதியாக இருக்கும் கம்ப்யூட்டர் யாருக்கும் எதிரி இல்லை. ஆனால் ஒவ்வொரு விதிக்கும் ஆகும் செலவை லட்சக்கணக்கில் விற்கும் கார் தாங்கும். சில ஆயிரங்களே விற்கும் மலிவான ஸ்போர்ட்ஸ் கார் தாங்குமா? அதுதான் கேள்வி.

வீட்டிலேயே ஓட்டிப் பாருங்கள்

ஜிஆர்86-ம் எம்எக்ஸ்-5-ம் நம் ஊர் ஷோரூமில் கிடைப்பதில்லை. அதனால் என்ன? கம்ப்யூட்டர் இருக்கிறதே. 'அசெட்டோ கோர்சா' என்ற இத்தாலிய கேம் 2014-ல் வந்தது. பழைய கேம் என்பதால் மிக விலை உயர்ந்த கிராபிக்ஸ் கார்டு தேவைப்படாது. டொயோட்டா ஜிடி86 இதில் உண்டு. ஏஇ86-ம் முதல் தலைமுறை எம்எக்ஸ்-5-ம் ஜப்பான் கார்களுக்கான தனித் தொகுப்பில் கிடைக்கும். நான் செய்து பார்த்த சோதனையை நீங்களும் செய்யலாம்.

1. முடிந்தால் ஒரு ஸ்டியரிங் வீல் இணைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் கேம்பேடு போதும். கீபோர்டில் ஓட்டுவது கஷ்டம்.

2. ஜிடி86-ஐத் தேர்ந்தெடுத்து, எதிராளி இல்லாத பிராக்டீஸ் பகுதிக்குச் செல்லுங்கள்.

3. டிரைவருக்கு உதவும் வசதிகளுக்கான மெனுவில் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல், டிராக்ஷன் கன்ட்ரோல், ஏபிஎஸ் மூன்றையும் ஆன் செய்து பத்துச் சுற்றுகள் ஓட்டுங்கள். நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

4. பிறகு ஒவ்வொரு நாளும் ஒரு வசதியை மட்டும் ஆஃப் செய்து ஓட்டுங்கள். மூன்றையும் ஒரே நாளில் எடுத்துவிட வேண்டாம்.

5. கார் சுழன்றால் ரீப்ளேயில் உங்கள் கால் என்ன செய்தது என்று பாருங்கள்.

எனக்கு முதல் வாரம் நேரம் கூடியது. இரண்டாம் வாரம்தான் வழுக்குவதற்கு முன்பே ஸ்டியரிங் லேசாவது கையில் தெரிந்தது. மூன்றாம் வாரம் ஆரம்ப நேரத்தைவிட இரண்டு விநாடி குறைந்தது. அதுவரை அந்த வேலையை எனக்குப் பதிலாக கம்ப்யூட்டர் செய்துகொண்டிருந்திருக்கிறது!

ஒரு எச்சரிக்கை: இந்தப் பழக்கத்தைச் சாலையில் காட்ட வேண்டாம். கேமில் ரீஸ்டார்ட் பட்டன் உண்டு, சாலையில் கிடையாது. இன்று இரவே ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். அந்த என்ஜினியர்கள் எதற்காக இந்தச் சின்னக் காரை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது உங்கள் கைக்கே தெரியும்.