கைப்பேசிக் கண்ணாடியில் நகை பார்த்தல்

மரவள்ளிக் கிழங்குப் பணமோ தறிக் கூலியோ கைக்கு வந்ததும், மகளுக்கு ஒரு ஜோடித் தோடு வாங்க எண்ணாத அங்கத்தினர் நம்முள் சொற்பம். முன்பு அதற்குச் சேலம் கடைவீதிக்குப் பஸ் ஏறவேண்டும். இன்றோ கைப்பேசியில் முகத்தைக் காட்டினால், தோடு காதில் தொங்குவதை வீட்டிலிருந்தே காணலாம். சென்னையில் 2008-ல் தோன்றிய காரட்லேன் நிறுவனம் 2015-லேயே இவ்வசதியை அளித்தது.

காமிராவானது மூக்கு நுனி, முகவாய், காதுமடல் ஆகியவை இருக்குமிடங்களைக் கணித்துக்கொண்டு, காதுமடலின்மேல் நகையின் படத்தைப் பொருத்துகிறது. தலையைத் திருப்பினால் படமும் கூடவே திரும்பும். ஆனால் முகத்தின் மெய்யான அளவை அது உத்தேசமாகவே அறியும். ஆகவே, திரையில் பெரிதாகத் தெரிந்த ஜிமிக்கி, பெட்டியைத் திறந்தால் மிளகளவே இருக்கக்கூடும். விவரத்தில் கண்டுள்ள மில்லிமீட்டர் அளவை அடிக்கோலில் வைத்துப் பார்ப்பது உத்தமம்.

எடையையும் மாற்றையும் எந்தப் படமும் காட்டாது. சேலத்து வெள்ளிக் கொலுசைக் கையில் ஏந்திக் கனம் பார்த்து, குலுக்கி ஓசை கேட்டு, திருகைத் திருகிப் பார்த்தல்லவா வாங்குகிறோம்! (சேலையைத் தொட்டுப் பாராமல் விலை பேசுவோரைக் கண்டால் நெசவாளருக்கு வரும் கோபத்தை ஈண்டு நினைவுகூரலாம்.)

ஹால்மார்க் பெற்ற தங்க நகையில், 2023 ஏப்ரல் 1 முதல், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இடக் குறியீடு இருத்தல் வேண்டும். 22 காரட்டுக்கு 916 என்றும் பொறித்திருக்கும். அக்குறியீட்டை பி.ஐ.எஸ். கேர் செயலியில் இட்டால் மாற்று விவரம் தெரியும். கல் பதித்த தோடாயின், கல்லின் எடையைத் தங்கத்தோடு சேர்த்துள்ளனரா, செய்கூலியும் சேதாரமும் எவ்வளவு என்பவற்றை ரசீதில் பார்த்த பின்னரே பணத்தைச் செலுத்துக.