வட்டத்தைச் சரிபங்காகப் பிரிக்க வீட்டிலேயே ஒரு கருவி

ஸ்டோரில் ஒரு பிளாஞ் உடைந்துவிட்டது. பக்கத்தில் லேத் மெசின் இருக்கிறது, இரும்பும் இருக்கிறது. கடைந்து எடுப்பது ஒரு நாள் வேலை. ஆனால் அந்த ஆறு துளை? அங்கேதான் நம்ம தம்பிமார் திணறுகிறார்கள். கவராயத்தால் ஆரத்தை எடுத்து ஆறு தரம் எட்டு வைப்பார்கள். ஒவ்வொரு எட்டிலும் 0.2 மில்லிமீற்றர் பிசகினால் போதும், ஐந்து எட்டு முடியும்போது கடைசி இடைவெளி 1 மில்லிமீற்றர் கெட்டுவிடும். போல்ட் ஏறாது. சுத்தியலால் அடித்து ஏற்றினால் பிளாஞ் மறுபடியும் வெடிக்கும். ஆறுக்கே இப்படியென்றால் ஐந்து, எட்டு துளைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

பெரிய பட்டறைகளில் இதற்கென்று பிரிப்புத் தலை என்ற கருவி உண்டு. கைப்பிடியை 40 தரம் சுற்றினால் வேலைத்துண்டு ஒரு தரம் சுற்றும். விலை நமக்குக் கட்டாது. ஆனால் அதே வேலையைச் செய்யும் சின்னக் கருவியை லயத்துக்குப் பின்னால் உள்ள தகரக் கொட்டகையிலேயே செய்துகொள்ளலாம்.

முதலில் லேத்தோடு வந்த மாற்றுப் பல்சக்கரங்களைப் பாருங்கள். 60 பல் சக்கரம் ஒன்று இருந்தால் பாதி வேலை முடிந்தது. அது ஏற்கெனவே 60 பங்காகப் பிரிக்கப்பட்ட வட்டம்தானே! 10 பல்லுக்கு ஒரு நிறுத்தம் வைத்தால் ஆறு பங்கு, 12 பல்லுக்கு வைத்தால் ஐந்து, 15க்கு வைத்தால் நான்கு. இதை ஸ்பின்டிலின் பின்பக்க ஓட்டையில் மாட்ட வேண்டும். ஓட்டைக்குள் இறுக்கமில்லாமல் நுழையும் ஒரு புஷ்ஷைக் கடைந்து, அதன் உள்முனையை வாளால் நாலு பக்கமும் பிளந்துவிடுங்கள். உள்ளே சரிவான ஒரு கட்டையை வைத்து நீள போல்ட்டால் இழுத்தால் புஷ் விரிந்து பிடித்துக்கொள்ளும். பல்சக்கரம் அந்தப் புஷ்ஷின் வெளிமுனையில் இருக்கும். சக்கரத்தை நேராக ஸ்பின்டிலிலேயே மாட்டுங்கள்; நடுவில் வேறு பல்சக்கரம் வந்தால் பல்லுக்குப் பல் உள்ள ஆட்டம் கணக்கைக் கெடுத்துவிடும்.

பிறகு பின். கூர்ச்சரிவாகக் கடைந்த இரும்புக் கம்பி, பின்னால் ஒரு ஸ்பிரிங், இரண்டையும் பிடிக்க ஒரு ஆங்கிள் இரும்பு. பின்னின் நுனி பல்லிடுக்கின் இரண்டு பக்கத்தையும் தொட வேண்டும், அடியைத் தொடக்கூடாது. அப்போதுதான் ஆட்டம் இருக்காது. ஆங்கிளை கிளாம்ப் போட்டுப் பிடியுங்கள். மெசின் உடம்பில் துளை போடாதீங்க.

60ஐ எட்டால் வகுக்க முடியாது. எட்டு துளை வேண்டுமென்றால் 24 பங்குத் தட்டு ஒன்று செய்ய வேண்டும். பார்சல் கட்டும் இரும்புப் பட்டியை 480 மில்லிமீற்றருக்கு வெட்டுங்கள். இரும்பு அடிமட்டத்தை ஒரே தரம் வைத்து 20, 40, 60 என்று 24 கோடு போடுங்கள். அடிமட்டத்தை நகர்த்தி 20, 20 ஆக அளந்தால் பழைய பிசகு கூடிக்கொண்டே போகும். தையல் டேப் வேண்டாம், இழுபடும். பிறகு ஒரு பலகை வட்டத்தை 153 மில்லிமீற்றர் விட்டத்துக்குச் சற்றுப் பெரிதாகக் கடைந்து, பட்டியின் இரண்டு முனையும் சரியாகத் தொடும்வரை கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். பட்டியை ஒட்டி, பல்சக்கரம் இருந்த இடத்தில் மாட்டி, பின்னுக்குப் பதில் ஒரு ஊசிமுனை வைத்தால் தட்டு தயார். இதற்குப் பின்னின் பிடி இல்லாததால், ஒவ்வொரு கோட்டிலும் நிறுத்தியதும் சக்கையும் அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள்.

பலகையில் கோடு போட்டு நுட்ப வேலையா என்று சிரிக்காதீங்க. பட்டியில் கோடு 0.3 மில்லிமீற்றர் தவறியிருந்தாலும், 50 மில்லிமீற்றர் விட்டத்தில் துளை போடும்போது அந்தத் தவறு மூன்றில் ஒன்றாக, 0.1 ஆகக் குறைந்துவிடும். தட்டு பெரிதாக, வேலை சிறிதாக இருக்கும்வரை லாபம் நமக்குத்தான். இங்கிலாந்தில் ஜெஸி ராம்ஸ்டன் என்ற கருவித் தொழிலாளி 18ஆம் நூற்றாண்டில் செய்த பிரிப்பு இயந்திரத்திலும் சக்கரம் பெரியது, 2160 பல். கப்பலோட்டிகளின் கோணமானிகளில் கோடு போட்டது அதுதான்.

பட்டிப்பொலக் குளிரைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாட்டின் ஆக உயர்ந்த ரயில் நிலையம் உள்ள ஊர்; காலையில் இரும்பைத் தொட்டால் விரல் விறைக்கும். குளிரில் பல்சக்கரம் சுருங்கினாலும் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் சுருங்குவதால் பங்கு மாறாது. ஆனால் விட்டம் மாறும். இப்போதுதான் கடைந்த 50 மில்லிமீற்றர் தண்டு, அளவுகோலைவிட 30 பாகை சூடாக இருந்தால், ஏறக்குறைய 0.017 மில்லிமீற்றர் கூடுதலாகக் காட்டும். பேரிங் ஏறும் இடத்தில் இது பெரிய தொகை. ஆறவிட்டு அளவெடுங்கள்.

வேலை இப்படித்தான்: பிளாஞ்சைச் சக்கில் பிடித்து, துளை வரும் வட்டத்தைக் கூரான உளியால் கீறுங்கள். பின்னைப் போட்டு, அதே உளியை மைய உயரத்தில் வைத்துக் குறுக்கே ஒரு கோடு. பின்னை எடுத்து, 10 பல் எண்ணித் திருப்பி, மறுபடி பின், மறுபடி கோடு. கோடும் வட்டமும் வெட்டும் இடத்தில் சென்டர் பஞ்ச். பல்லை எண்ணும்போது யாரும் பேச்சுக் கொடுக்க வேண்டாம். தொடங்கிய பல்லில் சோக்கால் அடையாளம் போட்டுவிடுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன், பிளக்கைக் கழற்றிவிட வேண்டும். பின் உள்ளே இருக்கும்போது நான் ஒருமுறை மறந்து சுவிட்சைப் போட்டேன். ஸ்பிரிங்கும் கம்பியும் தகரத்தைக் கிழித்துக்கொண்டு வெளியே போனது. அந்தப் பக்கம் என் மகள் துணி காயப் போட்டுவிட்டு அப்போதுதான் உள்ளே வந்திருந்தாள். அன்றிலிருந்து பின் கம்பியின் தலையில் சிவப்புத் துணி கட்டி, அதே கயிற்றில் பிளக்கையும் கட்டி வைத்திருக்கிறேன். பிளக்கைக் கழற்றாமல் பின் பல்சக்கரத்துக்கு எட்டாது.

வேலை முடிந்ததும் பல்சக்கரத்தைத் துடைத்து எண்ணெய் தடவிப் பொலித்தீனில் சுற்றுங்கள். பனி இறங்கும் இரவில் துரு ஏற ஒரு நாள் போதும்.