சூடு பேணும் பேணி

விழா மலருக்குக் கட்டுரையொன்று தருக என மலர்க்குழுவினர் பணித்தபோது, தமிழாசிரியனாகிய என்னிடம் அவர்கள் எதிர்பார்த்தது இலக்கியக் கட்டுரையே என்பதை அறிவேன். ஆயினும், கடந்த ஓராண்டாக என் சிந்தையை ஆட்கொண்டிருப்பது ஒரு தேநீர்ப் பேணியாதலின், அதனைப் பற்றியே எழுதத் துணிந்தேன். விஞ்ஞான ஆசிரியர்கள் பொறுத்தருள்வாராக.

என் தாயார் பக்கவாத நோயினின்றும் ஒருவாறு தேறியெழுந்தபோது, அவர் வாயின் இடப்பக்கம் உணர்விழந்திருந்தது. காலையிற் பனங்கட்டி கடித்து வெறுந்தேநீர் அருந்துவது அவரது நெடுநாள் வழக்கம். ஒருநாள், கொதிக்கக் கொதிக்கக் கொடுத்த தேநீரைச் சூடு உணராமலே பருகிவிட்டார். உட்கன்னம் வெந்து, பத்து நாள் கஞ்சியும் இறங்காது வருந்தினார். அதன்பின் நாம் அஞ்சி, நன்றாக ஆறவிட்டுக் கொடுத்தோம். "இது தேத்தண்ணியோ, குளத்துத் தண்ணியோ?" என்று பேணியைத் தள்ளிவிட்டார். அவர் கை மெல்லவே இயங்கும். ஒரு பேணி தேநீர் குடித்து முடிக்க அரைமணி நேரம் செல்லும். தக்க சூட்டிற் கொடுத்தாலும் பாதியிலேயே ஆறிவிடும்.

இதனைக் கேட்ட என் பழைய மாணவர் ஒருவர், இன்று பொறியியலாளராயிருப்பவர், கூறியது இது: "சேர், சூட்டை வெளியிலை விடாமல் வைச்சிருக்கிறது பெரிய காரியமில்லை. முதலிலை கூடின சூட்டை வாங்கி வைச்சு, பிறகு அதையே திருப்பிக் குடுக்கிற பேணி வேணும்." அன்று தொடங்கியது எம் முயற்சி.

தக்க சூடு என்பது எத்தனை பாகை? கொதிநீரிற் போட்ட தேயிலையை வடித்துப் பேணியில் ஊற்றும்போது அது ஏறத்தாழ 90 பாகை செல்சியசில் இருக்கும். சுவையையும் சுடுகாயத்தின் ஆபத்தையும் ஒருங்கே கருதி அமெரிக்காவில் 2008ஆம் ஆண்டிற் செய்யப்பட்ட கணிப்பொன்று, ஏறத்தாழ 58 பாகையே சிறந்ததெனக் கண்டது. 65 பாகைக்கு மேற்பட்ட பானங்களை வழக்கமாக அருந்துதல் உணவுக்குழாயிற் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் எனச் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2016ஆம் ஆண்டில் வகைப்படுத்தியது. ஈரான் நாட்டின் கோலெசுத்தான் மாகாணத்தில் ஐம்பதினாயிரம் பேர் வரையில் பல்லாண்டு தொடர்ந்து கவனிக்கப்பட்டபோதும், மிகுசூட்டிற் பெருமளவு தேநீர் அருந்துவோரிடம் அந்நோய் கூடுதலாகக் காணப்பட்டது. எனவே, தாயாரைப்பற்றிய எம் கவலை, ஆசிரியர் அறையில் ஆவி பறக்கப் பருகும் நமக்கும் உரியதே.

தேநீர் ஆறும் வழிகளை ஆராய்வோம். பேணியின் சுவர் வழியே கடத்தலாலும், சூழ்ந்த காற்றின் மேற்காவுகையாலும், கதிர்வீசலாலும் வெப்பம் வெளிச்செல்லும். ஆயினும் மூடாத பேணியிற் பெருங் கள்வன் ஆவியாதலே. நம் முன்னோர் மூக்குப்பேணியிலிருந்து உயர்த்தி ஊற்றி ஆற்றியதன் பயனும் இதுவே: நீண்ட தாரை காற்றோடு கலக்க, ஆவியாதல் விரைகிறது. இதனால், சூடு காப்பதற்கு விலையுயர்ந்த சுவரிலும் ஒரு சிறு மூடியே முதற்கண் வேண்டப்படுவது. இதனை அறியாது பணம் செலவிடுவோர் பலர்.

சேர் யேம்சு தேவார் 1892ஆம் ஆண்டில் அமைத்த வெற்றிடக் குடுவையே இன்றைய சுடுநீர்ப் போத்தலின் மூதாதை. இரு சுவர்களுக்கிடையே காற்றை அகற்றிவிட்டால் கடத்தலும் மேற்காவுகையும் ஒழியும். சுவரை வெள்ளி பூசினாற் கதிர்வீசலும் குறையும். அருமையான கருவிதான். ஆனால், அது 90 பாகையில் ஊற்றியதை 90 பாகையிலேயே காக்க முயலும். என் தாயாருக்கு அது பகையே.

எமக்கு வேண்டிய வழியைத் திறந்தவர் கிளாசுக்கோ நகரில் வாழ்ந்த யோசேப்பு பிளாக்கு. உருகும் பனிக்கட்டி வெப்பத்தை ஏற்றுக்கொண்டே இருந்தும், அது முற்றும் உருகி முடியும்வரை வெப்பநிலை உயர்வதில்லை என்பதை அவர் 1760களில் விளக்கினார். அவ்வாறு ஒளிந்துகொள்ளும் வெப்பமே மறைவெப்பம். மீண்டும் உறையும்போது அவ்வெப்பம் குறையாது வெளிவரும். மறைவெப்பம் என்னும் சொல் எத்துணை பொருத்தமானது! ஆக, 58 பாகை அளவில் உருகும் பொருளொன்றைப் பேணியின் இரு சுவர்களுக்கிடையே அடைத்தால், அது கூடுதற் சூட்டை விழுங்கி உருகும். தேநீர் ஆறத் தொடங்கியதும், உறைந்து சூட்டைத் திருப்பித் தரும். பரபின் மெழுகு அத்தகையது. வகைக்கேற்ப 46 முதல் 68 பாகை வரையில் உருகுவன கிடைக்கும்.

எவ்வளவு மெழுகு வேண்டும்? இருநூறு கிராம் தேநீர் 90 பாகையிலிருந்து 60 பாகைக்கு இறங்க, ஏறத்தாழ 25,000 யூல் வெப்பத்தை விடுதல் வேண்டும். ஒரு கிராம் மெழுகு, அறைவெப்பநிலையிலிருந்து உருகுநிலையை அடைய 60 யூல் அளவும், பின் உருக 200 யூல் அளவும் ஏற்கும். எனவே நூறு கிராம் மெழுகு போதும். அது உறையும்போது 20,000 யூல் திரும்பும். மூடாத பேணியில் தேநீர் நிமிடத்துக்கு ஒரு பாகை ஆறுமெனக் கொண்டால், நிமிடத்துக்கு 840 யூல் இழப்பு. ஆகவே இருபத்துநான்கு நிமிடம் சூடு நிலைக்கும். மூடியிட்டால் இன்னும் நீளும். தாயாரின் அரைமணி நேரத்துக்கு இது ஒத்துவந்தது கண்டு இருவரும் மகிழ்ந்தோம்.

கணக்கு இனித்தது, பேணி இனிக்கவில்லை. எவர்சில்வர்ப் பேணிகள் இரண்டை ஒன்றனுள் ஒன்றாக வைத்து, இடையில் மெழுகை நிரப்பிப் பட்டறையில் விளிம்பை ஒட்டுவித்தோம். முதன்முறை சுடுதேநீர் ஊற்றியதும் ஒட்டு வெடித்து மெழுகு கசிந்தது. மெழுகு உருகும்போது பத்திலொரு பங்குக்கு மேற் பருக்கும் என்பதை மறந்திருந்தோம். மேலே வெற்றிடம் விட்டு மீண்டும் ஒட்டினோம். இம்முறை கசியவில்லை, ஆயினும் தேநீர் நெடுநேரம் கொதிசூட்டிலேயே நின்றது. மெழுகு வெப்பத்தை அரிதாகவே கடத்தும். உட்சுவரை ஒட்டிய படலம் உருகியிருக்க, வெளிப்புறம் கல்லாயிருந்தது. அலுமினியமோ மெழுகினும் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு நன்றாகக் கடத்துவது. ஆதலின், மெல்லிய அலுமினியத் தகடுகளை உட்சுவரிலிருந்து மெழுகினூடே செல்லுமாறு பொருத்தி, வெளியே தக்கையுறை இட்டோம். மூன்றாவது பேணியில், நாலைந்து நிமிடத்தில் வெப்பமானி 62 பாகையைக் காட்டிற்று. அதன்பின் மெல்ல மெல்லவே இறங்கியது.

மின்வழியும் உண்டு. அமெரிக்காவின் 'எம்பர்' நிறுவனத்தார் 2016 முதல் விற்பனைக்குக் கொணர்ந்த பேணிகளில், அடியில் வெப்பமாக்கியும் இலித்தியம் மின்கலமும் உள. வெப்பநிலையை உணரும் சிறு தடையொன்று, சூடு குறைந்தால் மின்னைச் செலுத்தி, வேண்டிய அளவு வந்ததும் நிறுத்தும். விரும்பிய பாகையைக் குறிக்கலாம் என்பது அதன் சிறப்பு. எனினும், மூடாத பேணி 14 உவாற்று அளவு வெப்பத்தை இழக்குமாதலால், பெருவிரற் பருமனான மின்கலமொன்று முக்கால்மணி நேரத்துக்குள் தீர்ந்துவிடும். வெப்பமாக்கியாற் சூட்டைக் கூட்டத்தான் இயலும். எமக்கு வேண்டிய முதற் குளிர்ச்சியைத் தருவது அதன் வேலையன்று. விலையும் ஆசிரியன் சம்பளத்துக்கு உரியதன்று. பால் கலந்த தேநீரை மணிக்கணக்காக இளஞ்சூட்டில் வைத்திருத்தல் கிருமிகளுக்கு விருந்தாகும் என்பதையும் அதனை வாங்குவோர் நினைவிற்கொள்க.

எம் பேணிக்கும் ஒரு குறை உண்டு. அதனைத் தாயாரே கண்டுபிடித்தார். முதல்நாள் பருகி முடித்ததும், முகம் மலர்ந்து, "இன்னுங் கொஞ்சம் விடு, தம்பி" என்றார். நானும் மகிழ்ச்சியிற் சுடச்சுட ஊற்றினேன். நல்லவேளையாக வெப்பமானி உள்ளே கிடந்தது: 80 பாகை. மெழுகு முழுதும் உறையுமுன் ஊற்றியதால், விழுங்கும் ஆற்றல் அதற்கு இல்லை. அவசரமாகப் பேணியை வாங்கி, வேறு பாத்திரத்தில் ஆற்றிக் கொடுத்தேன். மெழுகு முற்றும் உறைந்து அறைவெப்பநிலைக்கு வர ஒருமணி நேரத்துக்கு மேற் செல்லும். இரண்டாம் பேணி தேநீருக்காக அவ்வளவு நேரம் காத்திருக்க அவர் ஒருப்படவில்லை.

ஆகவே பட்டறைக்கு மீண்டும் சென்று இன்னொன்று செய்வித்தோம். இப்போது சமையலறைத் தட்டில் இரண்டு பேணிகள் உள்ளன. பிடியிற் சிவப்பு நூல் கட்டியது முதலாவது தேநீருக்கு.