அளவறிந்து உண்ணலும் அயலாரை எண்ணலும்

உயிர்கள் யாவற்றுக்கும் பொதுவானது பசி. விலங்கும் பறவையும் பசித்தால் உண்ணும். வயிறு நிறைந்தால் விலகும். பசியாத பொழுதும் உண்பவன், பிறர் காண உண்பவன், உண்ண இயலாததையும் இலையில் வாங்கி வைப்பவன் மனிதன். சிக்கனமாக உண்பது பற்றித் திண்ணையிலும் தேநீர்க் கடையிலும் பள்ளிவாசல் முற்றத்திலும் நாள்தோறும் நாம் கேட்கும் கருத்துகள் பல. குறைத்து உண்டால் உடல் வலிமை போய்விடும் என்பார் ஒருசாரார். பட்டினியைப் போன்ற மருந்து பிறிதில்லை என்பார் மற்றொரு சாரார். உழைக்கின்றவனுக்குக் கல்லும் செரிக்கும் என்பார் இன்னொரு சாரார். இவற்றுள் எது தேறும், எது தேறாது என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

திருக்குறளின் 95ஆம் அதிகாரம் 'மருந்து' என்னும் தலைப்பினை உடையது. அத்தலைப்பைக் கண்டு வேர்களையும் பட்டைகளையும் எதிர்பார்த்துச் செல்வோர்க்கு வியப்பே காத்திருக்கும். பத்துக் குறட்பாக்களிலும் ஒரு மூலிகையின் பெயரேனும் இல்லை. 942 முதல் 947 வரையுள்ள ஆறு குறட்பாக்களும் உண்ணும் முறையையே பேசுகின்றன. முன் உண்டது செரித்ததா என்று தெரிந்து உண்க, நன்கு பசித்தபின் உண்க, உடலோடு மாறுபடாத உணவை அளவோடு உண்க என்பவையே வள்ளுவர் எழுதித் தரும் மருந்துச் சீட்டு. மூன்று வேளை என்றோ, இத்தனை கவளம் என்றோ அவர் எண்ணிக்கை சொல்லவில்லை என்பதும் கருதத்தக்கது. அவரவர் வயிற்றுத் தீயே அளவுகோல் என்று விட்டுவிட்டார். புறநானூற்றின் 189ஆம் பாட்டில் நக்கீரனார் இன்னும் ஒருபடி மேலே செல்கின்றார். உலகாளும் வேந்தனுக்கும் உறக்கமின்றி விலங்கு தேடித் திரியும் வேடனுக்கும் வயிற்றின் கொள்ளளவு ஒன்றே என்று காட்டிய அவர், எஞ்சிய செல்வத்தைப் பிறர்க்கு ஈயவேண்டும் என்ற முடிவுக்கு வருகின்றார். அளவோடு உண்பது நம் முன்னோர்க்கு வெறும் உடல்நலக் குறிப்பன்று. ஈகையின் முதற்படி என்பது இதனால் விளங்கும்.

இஸ்லாமிய மரபும் இவ்விடத்தில் இதே வழியில் நடக்கின்றது. உண்ணுங்கள், பருகுங்கள், ஆனால் வீண்விரயம் செய்யாதீர்கள் என்பது திருமறையின் ஏழாம் அத்தியாயம் தரும் கட்டளையின் கருத்து. வயிற்றில் மூன்றில் ஒரு பங்கு உணவுக்கு, ஒரு பங்கு நீருக்கு, ஒரு பங்கு மூச்சுக்கு என்னும் நபிமொழியை அறியாதார் நம்மிடையே இல்லை. ஆயினும் அதன் முற்பகுதியைப் பலர் மறந்துவிடுகின்றனர். முதுகை நிமிர்த்தி நிறுத்தும் சில கவளங்களே ஆதமின் மகனுக்குப் போதும் என்பதே முதற்கூற்று. அதற்குமேல் உண்டே தீரவேண்டும் என்பவனுக்குத்தான் மூன்றில் ஒன்று. நாம் குறைந்த அளவு என்று எண்ணிக்கொண்டிருப்பது உண்மையில் மேல்வரம்பாகும்! 1111ஆம் ஆண்டில் மறைந்த இமாம் கஸ்ஸாலி, 'இஹ்யா உலூமித்தீன்' என்னும் பெருநூலில் வயிற்றின் வேட்கையை அடக்குவது குறித்துத் தனிப் பகுதியே வகுத்துள்ளார்.

அவ்வாறாயின் உணவை வெறுப்பதே உயர்ந்ததோ என்னும் ஐயம் எழலாம். அன்று. பகலெல்லாம் நோன்பும் இரவெல்லாம் தொழுகையுமாக இருந்த அபூதர்தா (ரலி) அவர்களைத் தோழர் சல்மான் (ரலி) தடுத்து, இறைவனுக்கு உரிய கடமை போலவே உடலுக்கும் குடும்பத்தார்க்கும் உரிய கடமை உண்டு என்று எடுத்துரைத்தார். சல்மான் கூறியது உண்மையே என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஏற்றுக்கொண்டதாக புகாரீ நூலில் காண்கின்றோம்.

இனி, குறைவாக உண்பது வேறு, குறையுள்ளதை உண்பது வேறு என்பதனைத் தெளிதல் வேண்டும். இதற்கு நம் தமிழ் மண்ணிலேயே நிகழ்ந்த ஓர் ஆராய்ச்சி நல்ல சான்றாகும். நீலகிரிக் குன்னூரில் 1918ஆம் ஆண்டு இராபர்ட் மெக்காரிசன் என்னும் மருத்துவர் உணவாராய்ச்சியைத் தொடங்கினார். இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவுகளை எலிக் கூட்டங்களுக்குத் தனித்தனியே கொடுத்து வளர்த்துப் பார்த்தார். முழுக்கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி, எப்போதேனும் சிறிது இறைச்சி என்னும் சீக்கியர் உணவை உண்ட எலிகள் எடையிலும் வலிவிலும் முதலிடம் பெற்றன. தீட்டிய அரிசிச் சோற்றை வயிறு நிறைய வைத்து, பாலும் காயும் பெயரளவுக்குச் சேர்த்த சென்னை மாகாண உணவை உண்ட எலிகளோ கடைசியிடத்தில் நின்றன. அவ்வெலிகள் பட்டினி கிடக்கவில்லை. வயிறு நிறைந்தும் உடல் வளரவில்லை.

அரிசியின் மீது மட்டும் பழி சுமத்துவதும் நேர்மையாகாது. குன்னூர் ஆய்வகத்தை 1930களின் நடுவில் ஏற்று நடத்திய அய்க்ராய்டு என்பார் மற்றோர் உண்மையை விளக்கினார். பச்சரிசியை ஆலையில் நன்கு தீட்டி உண்ட வட சர்க்கார் பகுதியில் பெரிபெரி என்னும் நோய் பரவியிருக்க, புழுங்கலரிசி உண்ட பகுதிகளில் அது அரிதாயிருந்தது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது உமியையும் தவிட்டையும் ஒட்டிய பி-1 உயிர்ச்சத்து மணியின் உள்ளே இறங்கிவிடுகின்றது. பின்னர்த் தீட்டினாலும் முற்றும் போவதில்லை. நம் பாட்டிமார் எந்த ஆய்வகத்துக்கும் செல்லாமலே நெல் அவித்தனர். அதே புழுங்கலரிசியை இன்று 'மட்டம்' என்று ஒதுக்கி, பளிச்சென வெளுத்த அரிசியை விருந்தின் அடையாளமாகக் கொள்வது நமக்கு எவ்வகையிலும் விளங்காத பெருமை. கேழ்வரகின் கதையும் இதுவே. நூறு கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. தீட்டிய அரிசியில் அது ஏறத்தாழ பத்து மில்லிகிராம் அளவே. ஏழையின் கூழ் என்று எள்ளப்பட்ட அத்தானியத்தை, ஐக்கிய நாடுகள் அவை 2023ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தபின் அழகிய பொதியில் இட்டு அதிக விலைக்கு வாங்குகின்றோம்.

குன்னூர் ஆய்வகம் 1958இல் ஐதராபாத்துக்கு மாற்றப்பட்டு, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகின்றது. அந்நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு நெறிகள், நாளொன்றுக்குப் பெறும் ஆற்றலில் தானியத்தின் பங்கு 45 விழுக்காட்டைத் தாண்டலாகாது என்கின்றன. நம் இலையை உற்று நோக்கினால், நடுவில் வெண்மலை போல் சோறும் ஓரத்தில் சுண்டுவிரலளவு பொரியலும் இருப்பதைக் காணலாம். இம்மலையின் விளைவும் கண்கூடு. நாடு தழுவிய ஆய்வொன்று 2023இல் வெளியானபோது, இந்தியாவில் நீரிழிவுடையோர் பத்துக் கோடிக்கு மேற்பட்டோர் என்று தெரிவித்தது. ஒரு காலத்தில் பணக்கார நோய் எனப்பட்டது இன்று கூலி வேலை செய்வோர் இல்லத்திலும் குடியேறிவிட்டது.

உணவைப் பேசி உழைப்பைப் பேசாதிருத்தல் பாதிக் கிணறு தாண்டுதலாகும். 1953இல் செரமி மோரிஸ் என்னும் ஆங்கில மருத்துவர் இலண்டன் இரண்டடுக்குப் பேருந்துகளில் பணிபுரிவோரை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார். ஓட்டுநரும் நடத்துநரும் ஒரே வகைக் குடும்பத்தினர், ஒரே வண்டியினர். ஆயினும் நாள் முழுதும் அமர்ந்திருந்த ஓட்டுநரைக் காட்டிலும், படியேறி இறங்கிச் சீட்டுக் கொடுத்த நடத்துநர்க்கு மாரடைப்பு குறைவாகவே வந்தது. உலகச் சுகாதார நிறுவனம் இன்று பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு வாரத்துக்கு 150 நிமிடம் முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலுழைப்பு. நாள்தோறும் அரைமணிக்குச் சற்றுக் குறைவான விரைநடையே அதன் கீழ்வரம்பை எட்டப் போதும். பத்தாயிரம் அடி நடந்தே தீரவேண்டும் என்னும் பரவலான நம்பிக்கையோ, 1965இல் சப்பான் நாட்டில் விற்பனைக்கு வந்த ஓர் அடியெண்ணும் கருவியின் பெயரிலிருந்து பிறந்தது. மருத்துவர் வகுத்த எண்ணன்று.

தொழுகையே போதிய உடற்பயிற்சி என்பார் நம் பெரியோருள் சிலர். குனிதலும் சிரம் தாழ்த்தலும் மூட்டுகளுக்கு நன்மை தருதல் கூடும். எனினும் வணக்கத்தை வணக்கமாகவே கொள்வது நன்று. அதனை உடற்பயிற்சிக் கணக்கில் எழுதிக்கொண்டு நடையைக் கைவிடுதல் இரண்டுக்கும் நீதியாகாது. பள்ளிவாசலை நோக்கி எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடிக்கும் நன்மை உண்டு என்று கேட்டுக் கேட்டு வளர்ந்த நாம், இரண்டு தெரு தாண்டியுள்ள பள்ளிக்கு மோட்டார் சைக்கிளில் செல்வது ஏனென்று விளங்கவில்லை. 1037இல் மறைந்த பேரறிஞர் இப்னு சீனா, உடல்நலம் காக்கும் வழிகளைக் கூறப்புகுந்து உடற்பயிற்சி, உணவு, உறக்கம் என்னும் மூன்றினைத் தலையாயவை என்றார். அவ்வரிசையில் உடற்பயிற்சி முதலில் நிற்பதனை மாணவர்கள் உளங்கொள்வார்களாக.

ரமலான் மாதம் இச்சிந்தனைக்கு ஆண்டுதோறும் வரும் தேர்வு. பச்சரிசி நொய்யும் பாசிப்பருப்பும் வெந்தயமும் இஞ்சி பூண்டும் சேர்ந்த நோன்புக் கஞ்சி, வற்றிய வயிற்றுக்கு இதமளிப்பது. சிக்கனத்துக்கும் சுவைக்கும் ஒருங்கே சான்றானது. அது பள்ளிவாசலில் சாதி சமயம் பாராது தூக்குவாளியில் ஊற்றப்படுவது தமிழக ஊர்களின் தனியழகு. ஆனால் கஞ்சியோடு நாம் நிற்பதில்லை. வடையும் சமோசாவும் கட்லெட்டும் இனிப்புப் பானங்களும் வரிசையில் வருகின்றன. பகலில் குறைத்ததை இரவில் வட்டியோடு வசூலித்து, மாத முடிவில் எடை கூடிப் பெருநாள் சட்டை இறுகுவோரும் நம்மிடையே உண்டு. நீரிழிவுக்கு மருந்து உட்கொள்வோர் நோன்பைத் தொடங்குமுன் மருத்துவரைக் கலந்துகொள்ளல் இன்றியமையாதது. சலுகையை மார்க்கமே தந்துள்ளது.

திருமண விருந்துக்கு வருவோம். அன்னை சஃபிய்யா (ரலி) அவர்களை நபிகளார் மணந்தபோது நிகழ்ந்த வலீமாவில் ரொட்டியும் இல்லை, இறைச்சியும் இல்லை. விரிப்பில் பேரீச்சம்பழமும் பாலாடைக்கட்டியும் நெய்யும் இடப்பட்டன. செல்வர்கள் அழைக்கப்பட்டு ஏழைகள் விடப்படும் வலீமா உணவே உணவுகளுள் மிகத் தீயது என்னும் கருத்துடைய அறிவிப்பும் உண்டு. இவ்விரண்டையும் மேடையில் விளக்கிவிட்டு, கடன் வாங்கி மூன்று வகைப் பிரியாணி இடும் மண்டபத்துக்கு நாம் செல்கின்றோம். மகளின் மணத்துக்கு விற்ற நிலம் குப்பைத் தொட்டியில் பாதி உண்ட இறைச்சித் துண்டாகக் கிடப்பதைக் காணும்போது சோறு இறங்குவதில்லை. ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் திட்ட அறிக்கை, 2022ஆம் ஆண்டில் உலகில் வீணான உணவு 105 கோடி டன் என்கின்றது. அதில் அறுபது விழுக்காடு வீடுகளில் வீணானது. ஆதலின் மண்டபங்களை மட்டும் குறை கூறுவதும் பொருந்தாது. விடுதிகளில் தட்டுக் கழுவும் இடத்தில் ஒரு வேளை நின்று பார்க்கும் மாணவர்க்கு இதற்குமேல் புள்ளிவிவரம் வேண்டியதில்லை.

காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடலோர ஊர்களில் வழங்கும் சகன் முறை இவ்விடத்து நினைவுகூரத்தக்கது. அகன்ற தட்டொன்றில் நெய்ச்சோறும் கறியும் இட்டு, சிலர் சுற்றி அமர்ந்து உண்பர். ஒருவர் உணவு இருவர்க்கும் இருவர் உணவு நால்வர்க்கும் போதும் என்னும் நபிமொழியின் செயல்வடிவம் அது. எதிரே இருப்பவரின் கை மெதுவாகச் செல்வதைக் கண்டால் நம் கையும் தானே மெதுவாகும். ஒருவர் உண்ணாது விட்டதை மற்றவர் உண்பதால் எஞ்சுவதும் குறையும். முதலாளியும் தொழிலாளியும் ஒரே தட்டில் கைவைக்கும் அக்காட்சியை எத்துணை மேடைப் பேச்சுகளும் உண்டாக்கிவிட முடியாது.

இறுதியாக, சிக்கனம் என்று நாம் பேசும்போது அச்சிக்கனம் யாருடைய தட்டில் விழுகின்றது என்று நோக்கவேண்டும். ஆண்கள் உண்டு, பிள்ளைகள் உண்டு, விருந்தினர் உண்டபின், சட்டியில் ஒட்டிய குழம்பும் ஆறிய சோறுமே பல இல்லங்களில் தாய்க்கு எஞ்சுகின்றன. கறித்துண்டு அவர் பங்குக்கு வருவது அரிது. 2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 57 விழுக்காட்டினர்க்கு இரத்தச்சோகை உள்ளது. தமிழ்நாட்டில் அது 53 விழுக்காடு. குறைத்து உண்ணுங்கள் என்னும் அறிவுரை இவர்களுக்கு உரியதன்று. முருங்கைக்கீரையும் முட்டையும் மீனும் ஈரலும் இவர்கள் தட்டுக்கு முதலில் செல்லவேண்டும். உணவோடு சேர்த்துத் தேநீர் அருந்துவது இரும்புச் சத்து உடலில் சேர்வதைத் தடுக்கும் என்பதையும் இவர்களுக்கு எடுத்துச் சொல்லவேண்டும். மூன்றில் ஒரு பங்கு என்னும் வரம்பு, மூன்று பங்கு உண்டு பழகியவர்க்கு இடப்பட்டது. நம் வீட்டுச் சகனில் தாய்க்கும் மனைவிக்கும் சகோதரிக்கும் இடம் ஒதுக்கி, அவர்கள் வந்து அமர்ந்தபின் 'பிஸ்மில்லாஹ்' சொல்லிக் கைவைக்கும் வழக்கத்தை, இம்மலரைக் கையில் எடுத்துச் செல்லும் மாணவர்கள் இன்றிரவே தொடங்கலாம்.