சதுரங்கப்பட்டினத்துத் துணியும் சாதிக்காயும்

கல்பாக்கம் என்றவுடன் அணுமின் நிலையமே எல்லோருடைய நினைவுக்கும் வரும். அந்நிலையத்தை முன்னிட்டு எழுந்த நகரியத்தில் வங்காளத்தாரும் ஆந்திரரும் மலையாளிகளும் வட இந்தியரும் நம்மவருடன் கலந்து வாழ்கின்றனர். ஆதலின் அங்குள்ள மளிகைக் கடைகளில் நம் ஊர்ச் சந்தைகளில் எளிதிற் காணாத சரக்குகளையும் காணலாம். கடுகு, வெந்தயம், சீரகம், கருஞ்சீரகம், சோம்பு ஆகிய ஐந்தையும் பொடிக்காமல் ஒன்றாகக் கலந்து, 'பாஞ்ச் ஃபோரன்' என்ற பெயரில் வங்காளத்தார் வாங்கிச் செல்கின்றனர். காய்ந்த எண்ணெயில் ஒரு சிட்டிகை இட்டால் வெறும் பூசணிக்காய்க்கும் புதியதொரு மணம் வந்துவிடுகிறது. ஐந்தும் நம் அஞ்சறைப் பெட்டிக்கும் நாட்டு மருந்துக் கடைக்கும் புதியவை அல்ல, சேர்க்கைதான் வேறு.

அலுவல் நிமித்தமாக அப்பக்கம் சென்றிருந்தபோது, மாலையில் சற்று ஓய்வு கிடைத்தது. நகரியத்தை அடுத்துக் கடற்கரையை ஒட்டி நிற்கும் சதுரங்கப்பட்டினம் கோட்டைக்குச் சென்றோம். ஆங்கிலேயர் சட்ராஸ் என்று வழங்கியது இவ்வூரைத்தான். செங்கல் மதில், பண்டகசாலையின் சிதைவுகள், பூவேலையும் எழுத்தும் செதுக்கிய டச்சுக் கல்லறைகள் ஆகியவை இன்று மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளன. நெசவாளரும் விவசாயிகளுமாகிய நம் அங்கத்தினர் ஒவ்வொருவரும் ஒருமுறையேனும் பார்க்க வேண்டிய இடம் இது. ஏனெனில் இப்பண்டகசாலைக்குள் அடுக்கப்பட்டவற்றில் முதன்மையானது தறியிலிருந்து இறங்கிய துணி; அத்துணி கடல் கடந்து சென்று எதை வாங்கியது என்று கேட்டால், கிராம்பையும் சாதிக்காயையும் வாங்கியது என்பதே விடை.

இக்கரைக்குக் கடல் வாணிபம் டச்சுக்காரரால் வந்ததன்று. பாலாறு கடலில் கலக்கும் இடத்தருகே, வசவசமுத்திரத்தில் 1970-ஆம் ஆண்டு தமிழ்நாடு தொல்லியல் துறையினர் அகழ்ந்தபோது, உறைகிணறுகளும் ரோமானிய மதுச்சாடிகளின் உடைந்த துண்டுகளும் கிடைத்தன. ஆயினும் நெசவாளன் கதை தெளிவாகத் தெரிவது 17-ஆம் நூற்றாண்டில்தான்.

1602-ல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி நிறுவப்பட்டது. அவர்கள் தேடிச் சென்றது மொலுக்காத் தீவுகளின் வாசனைச் சரக்கு. கிராம்பு அக்காலத்தில் டெர்னேட், டிடோர் முதலிய சில சிறு தீவுகளில் மட்டுமே விளைந்தது. சாதிக்காயும் அதன்மேல் போர்த்திய சாதிபத்திரியும் பண்டாத் தீவுகளில் மட்டுமே விளைந்தன. அத்தீவினர் விரும்பிக் கேட்டது சோழமண்டலக் கரைத் துணி. சாயவேரின் சிவப்பும் அவுரியின் நீலமும் ஏறிய சாயத் துணிக்கும், மெல்லிய வெள்ளைத் துணிக்கும் அங்கே பெருமதிப்பு இருந்தது. 1612-ல் ஹென்றிக் பிரௌவர் என்னும் கம்பெனி அதிகாரி, சோழமண்டலக் கரையே மொலுக்காவின் இடக்கை என்றும், இங்கிருந்து துணி செல்லாவிடில் அங்கே வியாபாரமே இல்லை என்றும் மேலிடத்துக்கு எழுதினார். பழவேற்காட்டில் 1613-ல் கெல்திரியாக் கோட்டை எழுந்ததும், பின்னர் சதுரங்கப்பட்டினத்தில் கிடங்கு அமைந்ததும் இக்காரணம் பற்றியே. சதுரங்கப்பட்டினத்து மஸ்லின் தனிப் பெயர் பெற்றிருந்தது.

துணி எவ்வாறு திரட்டப்பட்டது என்பதை நம் சங்கங்களின் கணக்குப் புத்தகங்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பது பயனுடையது. கம்பெனி நேரே நெசவாளனிடம் செல்லவில்லை. உள்ளூர்ப் பெருவணிகரிடம் முன்பணம் தந்தது. அவர் தரகரிடம் தந்தார். தரகர் தறிக்காரனிடம் தந்தார். துணி வந்தபின் கிடங்கில் நீளம், அகலம், இழை நெருக்கம் பார்த்துத் தரம் பிரித்தனர். தரம் குறைந்ததென்று கழிக்கப்பட்டால் நட்டம் படிப்படியாகக் கீழே இறங்கி இறுதியில் தறிக்காரன் தலையில் விழுந்தது. மறுபுறம் பண்டாத் தீவில் நடந்தது இன்னும் கொடிது. தங்களுக்கே எல்லாச் சாதிக்காயையும் விற்க வேண்டும் என்ற ஒப்பந்தத்தை மீறினர் என்று கூறி, 1621-ல் யான் பீட்டர்சன் கூன் என்னும் டச்சுக் கவர்னர் படையெடுத்துச் சென்றார். ஏறத்தாழ 15,000 பேர் வாழ்ந்த அத்தீவுகளில் எஞ்சியோர் ஓராயிரம் பேர் அளவே என்பர். கொல்லப்பட்டும் பட்டினியாலும் நாடு கடத்தப்பட்டும் மக்கள் மறைந்தபின், அடிமைகளைக் கொண்டு தோட்டங்களை நடத்தினர். பஞ்ச காலங்களில் சோழமண்டலக் கரையிலிருந்தும் மனிதரை விலைக்கு வாங்கிக் கீழ்த்திசைத் தீவுகளுக்கு ஏற்றினர். விலை சரியாதிருக்கும் பொருட்டு அம்போன் நீங்கலான தீவுகளில் கிராம்பு மரங்களை வெட்டிச் சாய்த்தனர்; 18-ஆம் நூற்றாண்டில் ஆம்ஸ்டர்டாமிலேயே மிகுதிச் சரக்கைக் குவித்துத் தீயிட்டனர். விளைவித்தவனும் நெய்தவனும் வெவ்வேறு கரைகளில் இருந்தனர். ஒருவன் பெற்ற விலை மற்றவனுக்குத் தெரியாது. இடையில் இருந்தவனுக்கு மட்டும் இரண்டும் தெரியும்.

இக்கட்டு நெடுங்காலம் நிற்கவில்லை. 1770-ஐ ஒட்டி, பியேர் புவாவர் என்ற பிரெஞ்சுக்காரர் கிராம்பு, சாதிக்காய்க் கன்றுகளை மறைவாக மொரீஷியசுக்குக் கொணர்வித்தார். பிற்பாடு சான்சிபார் கிராம்புக்கே பெயர் போனதாயிற்று. 1800-ஐ ஒட்டி ஆங்கிலக் கம்பெனியார் நம் குற்றாலத்தில் கிராம்புத் தோட்டம் இட்டனர். அதன் வழியிலேயே இன்று கன்னியாகுமரி மாவட்டத்து மலைத் தோட்டங்களில் கிராம்பு விளைகிறது; கன்னியாகுமரிக் கிராம்பு 2021-ல் புவிசார் குறியீடும் பெற்றது. சதுரங்கப்பட்டினமோ 1781-ல் ஆங்கிலேயர் கைக்குப் போய், 1818-ல் டச்சுக்காரரிடம் மீண்டு, 1825-ல் மறுபடியும் ஆங்கிலேயரிடமே சேர்ந்து, பிறகு உறங்கிவிட்டது.

உலகத்துச் சரக்கு என்றால் கிராம்பும் பட்டையும் மட்டுமே என்று நினைப்பது தவறு. நம் வீட்டுக் குழம்புத் தூளை எடுத்துக் கொள்வோம். கொத்தமல்லி, சீரகம், சோம்பு, வெந்தயம் ஆகிய நான்கின் பிறப்பிடமும் மத்தியதரைக் கடலோரமும் மேற்காசியாவும் ஆகும். மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. போர்ச்சுக்கீசியர் வழியாக 16-ஆம் நூற்றாண்டில் நம் நாட்டை அடைந்தது. அதற்கு முன் நம் முன்னோர் காரத்துக்கு மிளகையும் திப்பிலியையுமே நம்பியிருந்தனர். புதிதாக வந்த காயை மிளகுபோல் உறைக்கும் காய் என்று கண்டு 'மிளகாய்' என்றே அழைத்துவிட்டனர். பெருங்காயம் ஈரான், ஆப்கானிஸ்தானத்திலிருந்து வருகிறது. அன்னாசிப்பூ தென்சீனத்தையும் வியட்நாமையும் சேர்ந்தது. நல்ல இலவங்கப்பட்டை இலங்கையினது. ஆக, அத்தூளில் மிளகும் மஞ்சளும் நீங்கலாக யாவும் விருந்தாளிகளே. வந்த விருந்தாளி வீட்டுக்காரனாகிவிட்டான் என்பதற்கு, உலகில் மிகுதியாக மிளகாய் வற்றல் விளைவிக்கும் நாடு இன்று நம் நாடே என்பது சான்று.

ஒரே சரக்கை ஊருக்கு ஊர் வேறு வேறாகக் கையாளுகின்றனர். யாழ்ப்பாணத்தார் மல்லி, சீரகம், மிளகாய் யாவற்றையும் கருஞ்சிவப்பாக வறுத்த பின்பே கறித்தூள் இடிப்பர். நாம் பெரும்பாலும் வெயிலில் காயவைத்தோ இளஞ்சூட்டில் புரட்டியோ அரைக்கிறோம். பண்டாத் தீவினர் சாதிக்காயின் சதைப்பற்றை இனிப்பாகச் செய்து உண்கின்றனர். டச்சுக்காரர் கொட்டையை வேகவைத்த முட்டைக்கோசின்மேல் துருவுகின்றனர். மெக்சிக்கோவில் இலங்கைப் பட்டையைச் சாக்கலேட்டுப் பானத்தில் இடுகின்றனர். ஹங்கேரியர் மிளகாயின் காரத்தை விட்டு நிறத்தையும் இனிமையையும் கொண்டு இறைச்சிக் குழம்பு வைக்கின்றனர். சமையல் வல்லார் இவற்றையெல்லாம் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். சாதிக்காயில் மட்டும் கை அடக்கம் வேண்டும். அளவு மிகுந்தால் தலைசுற்றலும் மயக்கமும் உண்டாகும்.

வாசனைச் சரக்கின் உயிர் அதன் எண்ணெயில் இருக்கிறது. அவ்வெண்ணெய் கொழுப்பில் எளிதிற் கரையும், ஆகவேதான் தாளிக்கிறோம். பொடித்தால் காற்றுப்பட்டு விரைவில் பறந்துவிடும். ஆகவே முழுதாக வாங்கி, அவ்வப்போது அரைப்பதே சிறப்பு. பொடியாக வாங்குவதில் மற்றோர் அபாயமும் உண்டு. எண்ணெய் வடித்தெடுத்த சக்கைக் கிராம்பு நல்ல கிராம்போடு கலந்து வருகிறது. நீரில் இட்டால் நல்லது அமிழும், சக்கை மிதக்கும். மிளகோடு கலந்த பப்பாளி விதையும் அவ்வாறே மிதந்து காட்டிக்கொடுக்கும். உண்மையான இலங்கைப் பட்டை காகிதம்போல் மெல்லிய பல அடுக்காகச் சுருண்டிருக்கும். தடித்த ஒற்றைப் பட்டையாக இருப்பது காசியா என்னும் வேறு மரத்தினது. முழுச் சரக்கில் இவற்றைக் கண்ணாலேயே பிடித்துவிடலாம். தூளாகிவிட்டாலோ பரிசோதனைச் சாலைக்குத்தான் செல்ல வேண்டும்.

இவ்விடத்தில் நம் தவறொன்றையும் சொல்லியாக வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் நாம் தணிக்கைக்குச் சென்ற ஒரு நெசவாளர் சங்கத்தில், அங்கத்தினர் வீட்டுப் பெண்கள் ஒரு யோசனையுடன் வந்தனர். கடையில் வாங்கிய தூளால் இரு வீட்டுக் குழந்தைகளுக்கு வயிற்றுவலி கண்டதாம். சரக்கைச் சங்கத்தின் பெயரில் மொத்தமாக வாங்கிக் கொடுத்தால், தாங்களே காயவைத்து அரைத்து அங்கத்தினருக்குப் பகிர்ந்துகொள்வதாகக் கூறினர். துணைவிதியில் அதற்கு இடமில்லை என்று ஒரே வரியில் குறிப்பு எழுதிவிட்டு வந்தோம். குறிப்பு சரியே. ஆனால் துணைவிதியைத் திருத்த வழியுண்டு என்ற இரண்டாம் வரியை எழுதாமல் வந்தது சரியன்று. அப்பெண்களில் மூத்தவர், "நூல் வாங்கச் சங்கம் உண்டு, மிளகாய் வாங்கச் சங்கம் இல்லையா, ஐயா?" என்று கேட்டார். அன்று நாம் விடை சொல்லவில்லை. கோட்டைக் கிடங்கின் வாயிலில் நின்றபோது அக்கேள்விதான் நினைவுக்கு வந்தது.

1904-ல் திருவல்லிக்கேணியில் சிலர் கூடிக் கூட்டுறவுப் பண்டகசாலை தொடங்கியது மளிகைக்காகத்தானே? கணக்குப் போட்டுப் பார்ப்போம். மல்லி 1 கிலோ, மிளகாய் வற்றல் 600 கிராம், மிளகு 100, சீரகம் 100, மஞ்சள் 100, சோம்பு 50, வெந்தயம் 50 கிராம். ஆக 2 கிலோ தூள். நூறு குடும்பம் உள்ள சங்கத்தில் குடும்பத்துக்கு மாதம் அரைக் கிலோ என்றால் ஆண்டுக்கு 600 கிலோ வேண்டும். அதற்கு மல்லி 300 கிலோ, மிளகாய் 180 கிலோ, மிளகு, சீரகம், மஞ்சள் ஒவ்வொன்றும் 30 கிலோ, சோம்பு, வெந்தயம் தலா 15 கிலோ. 180 கிலோ மிளகாய் என்பது ஒரு விவசாயிகள் சங்கத்தோடு நேரே பேசி வாங்கத்தக்க அளவு. இராமநாதபுரத்துக் குண்டு மிளகாய் விளைப்பவரும் ஈரோட்டு மஞ்சள் விளைப்பவரும் நம் இதழைப் படிப்பவர்களே. நெசவாளர் சங்கம் அவர்களிடம் வாங்கினால், அவர்கள் தை மாதத்துக்கு வேட்டி சேலையை நம்மிடம் வாங்கலாகாதா? துணிக்கு விலை என்ன, மிளகாய்க்கு விலை என்ன என்பது இரு தரப்பாருக்கும் தெரிந்திருக்கும்.

இடையூறுகள் இல்லாமல் இல்லை. முதலாவது, அங்கத்தினர் பலர் மளிகைக் கடையில் கடன் வைத்திருக்கின்றனர்; தூளை மட்டும் சங்கத்தில் வாங்கினால் கடைக்காரர் முகம் கோணுவார். ஆகையால் கூலி பட்டுவாடா நாளன்றே தூளையும் வழங்கி, விலையைக் கூலியில் பிடித்துக்கொள்ள அங்கத்தினரிடம் எழுத்து மூலம் சம்மதம் பெறுவது உசிதம். இரண்டாவது, வெளியாருக்கு விற்பதாயின் 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி பதிவு பெற வேண்டும். மூன்றாவது ஈரம். கடற்கரைக் காற்றில் வற்றல் எளிதில் பூசணம் பிடிக்கும். நன்கு காயாததை அரைக்கவே கூடாது. மூன்று மாதத்துக்கு மேற்பட்ட இருப்பு வேண்டாம். மொத்தமாக வாங்கினாலும் முழுதாகவே வைத்துத் தவணை தவணையாக அரைக்க வேண்டும்.

மேற்சொன்ன சங்கத்துக்குச் சென்ற மாதம் மீண்டும் சென்று, விட்டுப்போன இரண்டாம் வரியை எழுதிக்கொடுத்தோம். கேள்வி கேட்ட அம்மையார் இப்போது தறியில் இல்லை, கண்பார்வை குறைந்துவிட்டது. ஆயினும் நாம் கொண்டுபோன கிராம்பை விரலால் நசுக்கி முகர்ந்து, "இதில் எண்ணெய் இருக்கிறது" என்றார். துணைவிதித் திருத்தம் வரும் பேரவையில் வைக்கப்பட இருக்கிறது. புது வற்றல் மாசி, பங்குனியில் சந்தைக்கு வரும்; பணத்துக்கு ஏற்பாடு அதற்குள் ஆக வேண்டும்.