படத்தைச் சுருக்கும் கணக்கு

திருப்பூரில் பின்னிய பனியன் துணியின் படம் சில நொடிகளில் ஐரோப்பாவிலுள்ள வணிகரின் கணினிக்குப் போய்ச் சேருகிறது. இது எப்படி முடிகிறது?

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். படத்தின் அகலம் 4,000 புள்ளிகள், உயரம் 3,000 புள்ளிகள் எனில், மொத்தம் 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள். சிவப்பு, பச்சை, நீலம் என்று புள்ளிக்கு 3 பைட். ஆகவே 3 கோடியே 60 லட்சம் பைட்! கணினியிலுள்ள சிறு மென்பொருள் ஒன்று இதை ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகச் சுருக்கி இணையத்தில் ஏற்றிவிடுகிறது.

இதற்கு அடிப்படையான கொசைன் உருமாற்றத்தைக் கண்டவர் பெங்களூரில் பிறந்த நசீர் அகமது. 1972-இல் அவர் கேட்ட ஆராய்ச்சி நிதி கிடைக்கவில்லை. ஆயினும் முயற்சியைக் கைவிடாமல், டி. நடராஜன், கே. ஆர். ராவ் ஆகியோருடன் சேர்ந்து 1974-இல் அதை வெளியிட்டார். 1992-இல் வந்த ஜேபெக் முறை அதன்மேல் அமைந்ததே.

இம்முறையில் படம் 8-க்கு 8 புள்ளிகள் கொண்ட கட்டங்களாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு கட்டத்திலும் கண்ணுக்கு எளிதில் புலப்படாத நுட்பங்கள் தோராயமாக்கப்படுகின்றன. நிற வேறுபாட்டைவிட ஒளி வேறுபாட்டையே நம் கண் கூர்மையாக உணர்கிறது. எனவே நிற விவரம் இன்னும் அதிகமாகக் குறைக்கப்படுகிறது.

இங்கேதான் எச்சரிக்கை தேவை. மெல்லிய சிவப்புக் கோடுகள் மங்கலாம். திரைக்குத் திரை நிறமும் மாறும். ஆகவேதான் டிசைனைப் படத்தில் பார்த்தாலும், சாயத்தை முடிவு செய்யச் சாயமேற்றிய துணித்துண்டையே அனுப்புகிறார்கள். 'லேப் டிப்' என்பது அதன் பெயர்.

நீங்களும் ஒரு படத்தைத் தரம் குறைத்துச் சேமித்து, பெரிதாக்கிப் பாருங்கள். கட்டங்கள் தெரிகின்றனவா?