இரு சக்கரமும் இழுக்கும் மோட்டார் சைக்கிள்

பாரம் ஏற்றிய கட்டைவண்டி சேற்றில் இறங்கிவிட்டால் அனுபவமுள்ள உழவர் என்ன செய்கிறார்? மாடுகளை அதட்டுவதோடு அவர் நிற்பதில்லை. உடன் வந்தவர்கள் சக்கரத்தின் ஆரக்கால்களைப் பற்றி உருட்டுகின்றனர். வண்டியை முன்னே தள்ளினால் சக்கரம் பள்ளத்தின் விளிம்பில் மோதி நின்றுவிடும். சக்கரத்தையே சுழற்றினாலோ அது விளிம்பைப் பற்றிக்கொண்டு மேலே ஏறும். இந்த எளிய உண்மையின்மீது எழுந்த இயந்திரம் ஒன்றைப் பற்றி அங்கத்தினர்களுக்கு இவ்விதழில் விளக்க விரும்புகிறோம்.

நாம் சாலையில் காணும் மோட்டார் சைக்கிளில் இயந்திரத்தின் சக்தி பின்சக்கரத்திற்கு மட்டுமே செல்கிறது. முன்சக்கரம் வழி காட்டுவதோடு சரி. அது தானாகச் சுழல்வதன்று, தள்ளப்பட்டு உருள்வது. நல்ல சாலைக்கு இது போதும். காட்டு வழியில், வேரும் பாறையும் வழுக்கும் சேறும் குறுக்கிடுமிடத்தில், தள்ளப்படும் முன்சக்கரமே தடையாகிறது. விழுந்து கிடக்கும் மரத்தின்மீது அது மோதி நிற்க, பின்சக்கரம் நின்ற இடத்திலேயே சுழன்று குழி பறிக்கத் தொடங்குகிறது.

இதனை ஒரு சிறு கணக்கால் தெளிவாக்கலாம். வண்டியும் ஓட்டுபவரும் சேர்ந்து 170 கிலோ எடை என்று கொள்வோம். நான்கு அடி தூரத்திற்கு ஓரடி உயரும் சரிவில் இவ்வளவு எடையை மேலே இழுக்க ஏறக்குறைய 41 கிலோ இழுவை வேண்டும். நனைந்த மண், தன்மேல் அழுத்தும் எடையில் பத்தில் நான்கு பங்கு அளவுக்கே பிடிப்புத் தரும் என்றும், ஏற்றத்தில் பின்சக்கரத்தின் மீது நூற்றுக்கு 60 பங்கு எடை சாயும் என்றும் வைத்துக்கொள்வோம். அப்போது பின்சக்கரம் ஒன்றினால் கிடைக்கும் இழுவை 40 கிலோவிற்கும் சற்றுக் குறைவு. வண்டி ஏறாது. முன்சக்கரமும் இழுத்தால் மொத்த எடையும் பயன்பட்டு 66 கிலோ இழுவை கிடைக்கிறது. வண்டி எளிதாக ஏறிவிடும். இரு நிலையிலும் இயந்திரம் ஒன்றே, எரிபொருளும் ஒன்றே. எனவே, வழுக்கும் நிலத்தில் குறைவது பெரும்பாலும் குதிரைசக்தி அன்று, மண்ணைப் பற்றும் பிடிப்பே.

அவ்வாறாயின் எல்லா மோட்டார் சைக்கிள்களையும் ஏன் இப்படிச் செய்யவில்லை என்று அங்கத்தினர்கள் கேட்கக்கூடும். முன்சக்கரம் இடமும் வலமும் திரும்பவேண்டிய ஒன்று. திரும்பிக்கொண்டே இருக்கும் சக்கரத்திற்குச் சக்தியைக் கொண்டுசெல்வது எளிதன்று. மேலும், வளைவில் முன்சக்கரம் பின்சக்கரத்தைவிடச் சற்று அதிக தூரம் ஓடுகிறது. இரண்டையும் இறுகப் பிணைத்துவிட்டால், கெட்டியான தரையில் வண்டி திரும்ப மறுக்கும். ஆகவே முன்சக்கரம் தேவைப்படும்போது விரைந்தோட இடம் தரும் அமைப்பும் வேண்டும்.

இச்சிக்கலுக்கு முதன்முதல் நடைமுறைக்கு உகந்த தீர்வு கண்டவர்களுள் ஒருவர் அமெரிக்காவைச் சேர்ந்த சார்லி ஃபென் என்பவர். 1950களின் பிற்பகுதியில் கலிபோர்னியாவில் அவர் அமைத்த 'டிரெயில் பிரேக்கர்' என்னும் வண்டி, 1960களில் ரோக்கான் கம்பெனியின் கைக்கு வந்தது. பின்னர் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரில் அது தயாராகி வந்தது. அப்பகுதி கருங்கல்லும் அடர்ந்த காடும் நிறைந்தது. பனி உருகும் காலத்தில் மண்பாதைகள் யாவும் சேறாகிவிடுவதால், அங்குள்ள மக்கள் அதனைச் 'சேற்றுப் பருவம்' என்று ஒரு தனிப் பருவமாகவே சொல்வது வழக்கம்.

டிரெயில் பிரேக்கரில் சங்கிலிகளும் பற்சக்கரப் பெட்டிகளும் சக்தியை இரு சக்கரங்களுக்கும் பகிர்ந்து தருகின்றன. வண்டியின் எடை ஏறக்குறைய 99 கிலோ. இயந்திரத்தின் கொள்ளளவு 208 கன சென்டிமீட்டர். உச்ச வேகம் மணிக்கு 56 கிலோமீட்டர் அளவே. வேகத்தை விட்டுக்கொடுத்து மெல்ல ஊர்ந்து செல்லும் வலுவைப் பெற்றிருக்கிறது இவ்வண்டி. தரைக்கும் அடிப்பாகத்திற்கும் இடையே ஓரடிக்குமேல் இடைவெளி உண்டு. அகன்ற டயர்களில் காற்று மிகக் குறைவாகவே அடைக்கப்படுவதால் அவை கல்லின்மேல் அமுங்கி நெளிந்து அதைப் பற்றிக்கொள்கின்றன. சக்கரங்களின் நடுப்பகுதி உள்ளீடற்ற உருளை. அதில் எரிபொருளோ குடிநீரோ நிரப்பிக்கொள்ளலாம். வெற்றாக விட்டால், வண்டியைப் பக்கவாட்டில் சாய்த்து நீரில் மிதக்கவிட்டு ஓடையைக் கடக்கலாம். வேட்டைக்காரர், காட்டுப் பணியாளர், பண்ணையாளர் ஆகியோர் இதனைப் பயன்படுத்தி வந்துள்ளனர்.

வேறு வழிகளில் முயன்றோரும் உளர். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. ஆர்75, சுண்டாப் கே.எஸ்.750 ஆகிய வண்டிகளில் பின்சக்கரத்தோடு சைடுகாரின் சக்கரத்திற்கும் சக்தி தரப்பட்டது. ரஷ்யாவின் இர்பிட் நகரில் தோன்றிய உரால் வண்டியின் சில வகைகளிலும் இவ்வமைப்பு உண்டு. தேவைப்படும்போது மட்டும் அதனைப் பிணைத்து, கெட்டியான சாலை வந்ததும் விடுவித்துவிட வேண்டும். ஜப்பானின் யமஹா கம்பெனி, சுவீடனின் ஓலின்ஸ் நிறுவனத்துடன் சேர்ந்து, சங்கிலிக்குப் பதிலாக எண்ணெயின் அழுத்தத்தால் முன்சக்கரத்தைச் சுழற்றும் முறையை உருவாக்கியது. அத்தகைய வண்டி 2004ஆம் ஆண்டு டாக்கார் பாலைவனப் பந்தயத்தில் ஓட்டப்பட்டது. அமெரிக்காவின் கிறிஸ்டினி கம்பெனியின் முறையில், முன்சக்கரத்திற்கான சக்தி பின்சக்கரத்தைவிடச் சற்றுக் குறைந்த வேகத்தில் தரப்படுகிறது. பின்சக்கரம் வழுக்கும்போதுதான் முன்சக்கரம் இழுக்கத் தொடங்கும். நியூசிலாந்தில் பண்ணை வேலைக்கென்று தோன்றிய உப்கோ வண்டியில் ஒவ்வொரு சக்கரத்திலும் ஒரு மின் மோட்டார் பொருத்தப்பட்டது. கம்பி வழியே மின்சாரம் செல்வதால் முன்சக்கரம் எப்பக்கம் திரும்பினாலும் தடையில்லை.

நிற்க, இவ்வண்டிகளின் குறைகளையும் சொல்லவேண்டும். உறுப்புகள் மிகுதியாதலின் விலையும் எடையும் கூடுகின்றன. சேற்றிலும் மணலிலும் உழலும் சங்கிலிகளும் மூட்டுகளும் இரு மடங்கு கவனிப்பை வேண்டுகின்றன. நல்ல சாலையில் ஓடுவோர்க்கு இச்செலவால் பெரும் பயன் இல்லை.

அதைவிட முக்கியமான ஒன்று உயிரைப் பற்றியது. இரு சக்கரமும் இழுப்பதால் வண்டி ஏறும் திறன் கூடுகிறதே தவிர, நிற்கும் திறன் கூடுவதில்லை. பிரேக்கு சாதாரண மோட்டார் சைக்கிளிலும் பொதுவாக இரு சக்கரங்களுக்கும் உண்டு. அதன் பிடிப்பு முன்போலவே இருக்கிறது. வழுக்கும் சரிவில் துணிந்து ஏறியவர், அதே சரிவில் இறங்கும்போது வண்டியைக் கட்டுப்படுத்த முடியாமல் போகலாம். அன்றியும், நல்ல வண்டி மனிதனை மேலும் உட்காட்டிற்குக் கொண்டுசெல்கிறது. அங்கே சங்கிலி அறுந்தால் நடந்து திரும்பவேண்டிய தூரமும் அவ்வளவு அதிகம். ஆதலால் தனியே செல்லாமையும், செல்லும் வழியைப் பிறரிடம் சொல்லிச் செல்லுதலும், மாற்றுச் சங்கிலி வைத்திருத்தலும் இன்றியமையாதவை.

மண்ணின் நலமும் கருதத்தக்கது. சுழன்று வழுக்கும் சக்கரமே பாதையை மிகுதியாக அரித்துக் குழியாக்குகிறது. மெதுவாகச் சென்று வழுக்காமல் ஏறும் வண்டியால் அச்சேதம் குறையும். ஆயினும் முன்பு எந்த வண்டியும் எட்டாத இடத்தை இது எட்டிவிடுவதால் புதிய சேதமும் நேரலாம். அமெரிக்காவில் பொது நிலங்களில் இத்தகைய வண்டிகள் எங்கே ஓடலாம், எங்கே ஓடக்கூடாது என்று வரையறுக்க 1972ஆம் ஆண்டிலேயே குடியரசுத் தலைவரின் ஆணை பிறந்தது.

அங்கத்தினர் எந்த இயந்திரத்தை வாங்கக் கருதினும் முதலில் விளம்பரத்தைப் பாராமல் தம் வழியைப் பார்க்க வேண்டும் என்பதே நம் கருத்து. ஆண்டில் எத்தனை நாள் அவ்வழி சேறாகிறது? எவ்வளவு பாரம் செல்லவேண்டும்? பழுது நேர்ந்தால் உதிரிப்பாகம் எத்தனை நாளில் கிடைக்கும், பழுது பார்ப்பவர் எவ்வளவு தொலைவில் இருக்கிறார்? இக்கேள்விகளுக்கு விடை எழுதி வைத்துக்கொண்டு, அதன்பின் விலையைக் கேட்பதே முறை. பத்து நாள் சேற்றுக்காக ஆண்டு முழுவதும் இரட்டைச் செலவு செய்வது சிக்கனமாகாது. ஆண்டில் பாதி நாள் வழி அடைபட்டுக் கிடப்பவருக்கோ அச்செலவே சிக்கனமாகும்.